அந்தோணியின் முன்பல்

டாக்டர் அருணா: கையைத் தூக்கினீங்களே... வலிக்குதா?

அந்தோணி: ஆஆ... ங்ங்...

விக்டோரியா: வலிக்கலயாம் மேடம்.

டாக்டர் அருணா: வாயில ரப்பர் ஷீட் போட்டிருக்கு, எனக்கே புரியல. உங்களுக்கு எப்படிம்மா புரியுது?

விக்டோரியா: ஊட்ல வாயில ஒண்ணும் இல்லாதப்பவே எங்க ஊட்டுக்காரு இப்பிடித்தான் மேடம் பேசுவாரு. பழகிடுச்சி.

அந்தோணி: ங்ஙா!

விக்டோரியா: இப்ப என்னைத் திட்டறாரு.

டாக்டர் அருணா: அந்தோணி, சிரிக்காதீங்க. ஆடாம இருங்க. மைக்ராஸ்கோப்ல ஊசிமுனை அளவு வழியைத் தேடிக்கிட்டிருக்கேன்... ம்... இல்ல. போதும். ஷீட்டை எடுத்துடறேன். கொப்புளிச்சுக்கோங்க.

அந்தோணி: முட்ஞ்சிதா மேடம்?

டாக்டர் அருணா: முடியல. நிறுத்திட்டேன்.

விக்டோரியா: போன வாட்டியும் இதேதான் சொன்னீங்க. கும்முடிபூண்டிலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வரோம் மேடம், இந்தத் திருவள்ளூருக்கு...

அந்தோணி: ஏய், சும்மா இரு. அவுங்க இன்னா வேணும்னேவா பண்றாங்க?

டாக்டர் அருணா: கேக்கட்டும். பல்லு வேருக்குள்ள நரம்பு போறதுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும்மா. ரூட் கெனால்னா அதுக்குள்ள போய்ச் சுத்தம் பண்ணி அடைக்கறது. இவருக்கு அந்தக் குழாயே தூந்து போயிருக்கு.

அந்தோணி: பொறவிலேருந்தேவா?

டாக்டர் அருணா: இல்ல. அடிபட்டப்ப உங்க பல்லு சாகல. உள்ளுக்குள்ளயே சுண்ணாம்பு மாதிரி வச்சுப் பூசிப் பூசி அடைச்சுக்கிச்சு. அதனாலதான் மஞ்சளாச்சு.

விக்டோரியா: அந்த மஞ்சளப் பாத்துட்டு, பீடி குடிக்கிறாருன்னு எங்கம்மா பெரிய சண்ட போட்டுச்சு மேடம்.

அந்தோணி: பைபிள் மேல கை வச்சி சொன்னேன். அப்பவும் நம்பல.

விக்டோரியா: நானும் கொஞ்ச நாளு நம்பல.

அந்தோணி: நீயுமா!

டாக்டர் அருணா: அடி எப்படிப் பட்டுது?

அந்தோணி: இரும்பு கம்பெனில வேல மேடம். கிரேன் சங்கிலி சுத்திகினு வந்து, கொக்கி நேரா வாயில வச்சிடுச்சி. எங்க பாப்பா பொறந்த வருஷம். பல்லு ஆடிகினு இருந்துது. அப்ப பாத்த டாக்டரு, தானா நின்னுக்கும், ஆனா வருஷா வருஷம் வந்து எக்ஸ்ரே எடுத்துடுன்னாரு.

டாக்டர் அருணா: எடுத்தீங்களா?

அந்தோணி: ...நின்னுகிச்சி மேடம். வலியும் இல்ல. வலிக்காத பல்லுக்கு லீவு கேட்டா சூப்பர்வைசர் சிரிப்பான்.

விக்டோரியா: பேண்டு பிராக்டீஸுக்குன்னா மட்டும் காய்ச்சல், வயித்தாலன்னு லீவு போடுவ.

டாக்டர் அருணா: பேண்டா?

விக்டோரியா: எங்க மாதா கோயில் பேண்டுல ட்ரம்பெட்டு ஊதுவாரு மேடம். திருவிழால தேர் கெளம்பறப்ப மொதல்ல இவுரு ஒண்டியா ஊதணும். அப்பறம்தான் டிரம்மு, மத்தது எல்லாம். சாவு ஊட்டுக்கும் கூப்டுவாங்க. இவுரு ஊதினா அழாதவங்களும் அழுதுடுவாங்க.

டாக்டர் அருணா: ட்ரம்பெட்... அதை மேல்பல்லுல அழுத்தித்தானே ஊதணும்?

அந்தோணி: ஒதட்டுல மேடம். ஒதட்டுக்குப் பின்னால... பல்லுதான் தாங்கும்.

டாக்டர் அருணா: இதை ஏன் முதல்லயே சொல்லல?

அந்தோணி: நீங்க கேக்கல...

டாக்டர் அருணா: கேட்டிருக்கணும். என் தப்புதான். சரி, இந்தப் படத்தைப் பாருங்க. இப்படி அடைச்சுக்கற பல்லை நாங்க பெரும்பாலும் தொடவே மாட்டோம். காலம் பூரா அப்படியே இருந்துடும். சில பேருக்குத்தான் உள்ள மிச்சம் இருக்கற நரம்பு அழுகிப் போய், வேர் நுனியில சீழ் கட்டும். இதோ கறுப்பா, வட்டமா இருக்கு பாருங்க... அது எலும்பு கரைஞ்ச இடம்.

விக்டோரியா: இவ்ளோ பெருசாவா?

டாக்டர் அருணா: ஈறுல கொப்புளம் எப்ப வந்துது அந்தோணி?

அந்தோணி: போன மாசம்.

டாக்டர் அருணா: ஒரு மாசத்துல எலும்பு இந்த அளவுக்குக் கரையாது.

அந்தோணி: அதுக்கு முன்னாடி... சின்னதா வரும். ஒடையும். போய்டும்.

டாக்டர் அருணா: எவ்வளவு முன்னாடி?

அந்தோணி: நெனப்பு இல்ல மேடம்.

விக்டோரியா: என்னாண்ட போன மாசம்தான்னு சொன்ன?

அந்தோணி: அதான் சொல்றேனே... கொஞ்சம் முன்னாடி.

விக்டோரியா: இப்ப இன்னா மேடம் பண்றது? புடுங்கிடுவீங்களா?

டாக்டர் அருணா: வேணாம். கீழ இருந்து இன்னும் தோண்டினா வேர்ல பக்கவாட்டுல ஓட்டை விழுந்துடும். அப்புறம் பிடுங்கறதைத் தவிர வழி இல்ல. அதான் நிறுத்திட்டேன். ஈறைத் திறந்து, சீழை எடுத்து, வேர் நுனியைக் கொஞ்சம் வெட்டி, மேல் பக்கமா அடைச்சுடலாம். பல்லு நிக்கும்னுதான் நினைக்கறேன்.

அந்தோணி: எத்தினி நாளு கழிச்சி ஊதலாம்?

டாக்டர் அருணா: இருங்க, படத்தை இன்னொரு தடவை பாத்துக்கறேன்.

அந்தோணி: வர்ற திருவிழாவுக்கு இல்லன்னா பரவால்ல மேடம். அடுத்த வருஷம்னா கூட...

டாக்டர் அருணா: வேர் கொஞ்சம் குட்டையாகும். சுத்தி எலும்பும் குறைவு. சாப்பிடலாம், சிரிக்கலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனா அது மேல வச்சு அழுத்தறது... இனிமே வேணாம் அந்தோணி.

அந்தோணி: மெதுவா ஊதினா?

டாக்டர் அருணா: மெதுவா ஊதற வாத்தியமா அது?

அந்தோணி: ...இல்ல.

டாக்டர் அருணா: கொப்புளம் முதல்ல வந்தப்பவே வந்திருந்தா, எலும்பாவது மிச்சம் இருந்திருக்கும். வேற மாதிரி பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. ரெண்டு பேரும் பேசிக்கோங்க. பக்கத்து ரூம்ல ஒருத்தரைப் பாத்துட்டு வந்துடறேன்.

விக்டோரியா: ...தண்ணி குடிக்கிறியா?

அந்தோணி: வாய் மரத்துப் போய் கெடக்கு. சட்டைல ஊத்திக்குவேன்.

விக்டோரியா: ஊத்திக்கோ. தோய்க்கப் போறது நான்தான.

அந்தோணி: ஆபரேசன் பண்ணிக்கிறேன். பல்லாவது இருக்கட்டும்.

விக்டோரியா: ட்ரம்பெட்டு?

அந்தோணி: ஜெரால்ட் மாஸ்டராண்ட திருப்பிக் குடுத்துடலாம். பேண்டு சொத்துதான அது. மோகன்ராஜ் இருக்கான். என் பின்னாடியே நின்னு கத்துகினவன். நல்லா ஊதறான் இப்ப.

விக்டோரியா: ம்.

அந்தோணி: அழுவாத. அவுங்க வந்தா இன்னா நெனப்பாங்க?

விக்டோரியா: நான் எங்க அழுவறேன்? உன் கண்ணத் தொடச்சிக்கோ.

அந்தோணி: மருந்து நெடி.

விக்டோரியா: ஆமா. மருந்து.

அந்தோணி: விக்டோரியா... உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது.

விக்டோரியா: சொல்லு.

அந்தோணி: போன திருவிழால, தேர் கெளம்பறப்ப... வாயில வச்சி அழுத்தினதும் உசுரே போய்டுச்சி. கண்ணு இருட்டிகினு வந்துச்சி. காத்தே உடல நான். வெரல மட்டும் ஆட்டிகினு சும்மா நடந்தேன். பின்னாலேருந்து மோகன்ராஜ்தான் ஊதினான். அவன், நானு, மாஸ்டரு... வேற யாருக்கும் தெரியாது. சனம் பூரா என்னைப் பாத்து கை தட்டிச்சி. நீயும் பாப்பாவும் கொடிமரத்தாண்ட நின்னுகினு... பாப்பா கைய ஆட்டிச்சி. அப்பறம் எந்த மூஞ்ச வச்சிகினு பல்லு வலிக்குதுன்னு சொல்றது? எப்பலேருந்துன்னு கேப்பீங்க. அதான் பொத்திகினு இருந்துட்டேன்.

விக்டோரியா: தெரியும்.

அந்தோணி: இன்னா தெரியும்? மோகன்ராஜ் சொன்னானா?

விக்டோரியா: யாரும் சொல்லல. நீ ஊதினா கழுத்து நரம்பு பொடச்சிகினு நிக்கும். அன்னிக்கி நிக்கல. ஊட்டுக்கு வந்து, எப்பிடி இருந்துச்சின்னு கேட்ட. உன் மூஞ்சப் பாக்க முடியல என்னால... இந்த வருஷம்தான் ரொம்ப நல்லா ஊதினன்னு சொல்ட்டேன். ஏன்யா ஊதலன்னு அப்பவே ஒரு வார்த்த நான் கேட்டிருந்தா, அன்னிக்கே உன்ன இங்க இட்டாந்திருப்பேன்.