ஒரே சங்கம், ரெண்டு வாசல்

இல்லக்கா, ஜன்னல சாத்த வேணாம், தெறந்தே இருக்கட்டும். காத்து வருதில்ல. நீங்க பாக்கறது சரிதான், பின்னாடி தெரியுதே, அதுவும் நம்ம சங்கத்துக் கட்டடந்தான். இது ஏ பிளாக்கு, அது பி பிளாக்கு. ஒரே சங்கம்னா நடுவுல எதுக்குச் செவுருன்னுதானே கேட்டீங்க? கேளுங்க, அதுல என்ன தப்பு. பொண்ணக் குடுக்கப் போறீங்க, நாலையும் விசாரிக்கத்தான் வேணும். உங்க வீட்டுக்காரரும் மச்சானும் கிங்ஸ்டன் கூட மொட்டமாடிக்குப் போயிருக்காங்க. அங்கருந்து பாத்தா செவுரு இன்னும் நல்லா தெரியும். அவங்களும் கேப்பாங்க. என் மகன் ஏதாவது சொல்லி வைக்கறதுக்கு முன்னாடி நானே உங்ககிட்ட சொல்லிடறேன்.

மொதல்ல ரெண்டு சங்கம் இருந்துச்சுங்க. எங்களுது சின்னது. கூலிக்காரங்க வீடு கட்டும் சங்கம். பாதிப் பேரு எங்க கோயில் ஆளுங்க, மீதி இந்து ஜனங்க. தோட்ட வேலை, கல்லு ஒடைக்கற வேலை, சீசனுக்கு கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழு கம்பெனி வேலை, இப்பிடித்தான். கூலியில கொஞ்சங் கொஞ்சமா புடிச்சு இந்த நெலத்த வாங்கினாங்க. அப்ப இங்க என்ன இருந்துச்சு? ராகி வெதைக்கற காடு. ஓசூர்லருந்து தளி போற பஸ்சு கூட இங்க நிக்காது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லாரும் நடந்தே வருவோம், சும்மா நெலத்தப் பாக்கறதுக்கு. இங்க உங்க வீடு, அங்க எங்க வீடுன்னு காலால கோடு போட்டுட்டுப் போவோம். எங்க வீட்டுக்காரரு பாக்கியராஜ்தான் அதுக்குத் தலைவரு. கோடு போடறப்ப அவரு சிரிச்சுகிட்டே நிப்பாரு.

நெலம் இருந்துச்சு, கட்டத்தான் வழி இல்ல. சங்கத்துல கடன் வாங்கினவங்க யாராலயும் திருப்பிக் கட்ட முடியல. பொண்ணு கல்யாணம், ஆசுபத்திரி, எங்கருந்து கட்டுவாங்க? வருசா வருசம் ஆடிட்டுல நஷ்டம்னே எழுதினாங்க. கடைசியில கூட்டுறவு ஆபீசுல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, வேற சங்கத்தோட சேந்துடுங்க, இல்லன்னா கலைச்சுடுவோம்னு. கலைச்சா நெலம் ஏலத்துக்குப் போயிடுமாம். அதுக்குள்ள ஓசூரு இது வரைக்கும் வந்துடுச்சில்ல, ஏலம்னா எத்தன பேரு வருவாங்கன்னு நெனைக்கறீங்க.

இன்னொண்ணு கம்பெனிக்காரங்க சங்கம். எல்லாரும் பர்மனென்ட் ஆளுங்க. சம்பளத்துலயே புடிச்சுடுவாங்க, பேங்க்ல பணம் அப்பிடியே கெடக்குது. ஆனா இங்க விக்கற வெலைக்கு அவங்களுக்கு நெலம் அமையல. நெலம் நம்மளுது, பணம் அவங்களுது. பொருத்தமாத்தானே இருக்குது? நாம இப்ப பேசற சம்பந்தம் மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

எங்க வீட்டுக்காரரு வீடு வீடாப் போயி பேசினாரு. லேசுல யாரும் ஒத்துக்கல. வெங்கடம்மான்னு எங்க பக்கத்து வீட்டுக்காரி, ரோஜாத் தோட்டத்துல எங்கூட பூ பறிச்சவ. அது ஒண்ணுதான் வாய் விட்டுக் கேட்டுச்சு. பெரிய சம்பளக்காரங்களோட சேந்தா நம்மள ஓரமாத் தள்ளிட மாட்டாங்களா அண்ணான்னு. இவரு சொன்னாரு, ஒரே கேட்டு, ஒரே படிக்கட்டு, குலுக்கல்ல யாருக்கு எது விழுதோ அதுதான் வீடு. நான் இருக்கறேன்ல வெங்கடம்மான்னாரு. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் அத்தன பேரும் சேர்றதுக்குச் சம்மதிச்சாங்க. பிளானும் மொதல்ல அப்பிடித்தான் போட்டிருந்தாங்க, நானே பாத்தேன்.

சங்கம் சேந்த பெறகு மொதக் கூட்டம். ஓசூர்ல ஒரு கல்யாண மண்டபம். முன்னாடி வரிசையில கம்பெனிக்காரங்க குடும்பம், பின்னாடி நாங்க. அப்பிடி உக்காருங்கன்னு யாரும் சொல்லலக்கா. நாங்களே போயி பின்னாடி உக்காந்துகிட்டோம்.

தெரையில கட்டடத்தோட படம் காட்டினாங்க. அழகாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் முன்னாடி குசுகுசுன்னு பேச்சு. லிப்டுக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுவாங்க. கீழ ஆட்டைக் கட்டுவாங்க, வெறகு அடுக்குவாங்க. சாவு விழுந்தா வாசல்லயே மேளம் அடிப்பாங்க. எங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சுப் பேசினாங்க. ஆனா எந்திரிச்சு மைக்குல சொல்ல யாருக்கும் வாய் வரல. அவங்களும் மனுசங்கதானே, கூச்சம் இருக்குமில்ல.

அப்ப எங்க வரிசையிலருந்து ஒரு பையன் எந்திரிச்சான். மறைச்சு என்ன ஆகப் போகுது, கிங்ஸ்டன்தான் அது.

இருங்கக்கா, முழுசாக் கேட்டுடுங்க. கழுத்துல கம்பெனி அட்டை, இஸ்திரி போட்ட சட்டை. மைக்க வாங்கி மொதல்ல இங்கிலீசுல பேசினான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதச் சொல்லத்தான் இப்ப வெக்கமா இருக்குது. என்ன பேசறான்னு புரியறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் தமிழ்ல சொன்னான். நானும் இந்த ஜனங்கள்ல ஒருத்தன். இவங்களுக்கு லிப்டு தேவையில்ல, ஜெனரேட்டர் தேவையில்ல. அதுக்கெல்லாம் மாசா மாசம் கட்டச் சொன்னா கஷ்டப்படுவாங்க. பின்னாடி தனி பிளாக், தனி வாசல், நடுவுல ஒரு செவுரு. இவங்களுக்கும் அதுதான் நிம்மதின்னான்.

எங்க பையனே சொன்ன பெறகு அவங்களுக்கென்ன கூச்சம்? மண்டபமே கை தட்டுச்சு.

மேடையில இவரு உக்காந்திருந்தாரு. புதுச் சங்கத்துக்குத் துணைத்தலைவர்னு வச்சிருந்தாங்க. சம்மதிக்கறவங்க கை தூக்குங்கன்னு சொல்லி, எண்ணற வேலைய இவருகிட்டயே குடுத்துட்டாங்க. மகன் கொண்டு வந்த தீர்மானத்துக்கு அப்பன் கை எண்ணறாரு. முன் வரிசையிலருந்து விரல நீட்டி எண்ணிகிட்டே வந்தவரு எங்க வரிசைக்கு வந்ததும் நின்னுட்டாரு. ஏன்னா வெங்கடம்மா கை தூக்கியிருந்துச்சு.

எப்பிடித் தூக்குச்சுன்னு கேக்கறீங்களா? அது தெலுங்குக்காரி, தமிழ் மெதுவாப் பேசினா புரியும், மைக்குல வேகமாப் பேசினா புரியாது. எங்கிட்ட தெலுங்குல கேட்டுச்சு, உம் மகன் எவ்வளவு நல்லாப் பேசறான், என்ன சொன்னான்னு. வாசலப் பத்தின்னேன். நல்லதான்னுச்சு. நல்லதுதான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லட்டும், அத்தன பேரு மத்தியில? அது சிரிச்சுகிட்டே கை தூக்குச்சு. நா தூக்கல. வேணாம்னும் தூக்கல. என் கை மடியிலயே கெடந்துச்சு.

அவன் கெட்டவன் இல்லக்கா. தாயி அப்பிடித்தான் சொல்லுவான்னு நெனைக்காதீங்க. கம்பெனியில சேந்த புதுசுல கேன்டீன்ல கேப்பாங்களாம், எந்த ஊருன்னு. ஊரச் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்களாம். நீங்களும் நம்ம ஜனந்தானே, உங்களுக்கு வெளக்கணுமா. தெருவச் சொன்ன மறுநாளு கூட உக்காந்து சாப்பிட்டவங்க வேற மேசைக்குப் போயிட்டாங்களாம். வீட்டுக்கு வந்து தண்ணி ஊத்திகிட்டு ஊத்திகிட்டுக் குளிச்சான். அதுலருந்து யாரு கேட்டாலும் வேற எடத்தச் சொல்லிடுவான். அந்தச் செவுரு அன்னிக்கே அவன் மனசுல எழும்பிடுச்சோ என்னமோ.

அவங்கப்பா அந்தக் கூட்டத்துக்கப்புறம் அவன்கூட பேசறதில்ல. பதவியும் வேணாம்னுட்டாரு. அதனாலதான் இன்னிக்கும் நீங்க வந்த நேரத்துக்கு இங்க வரல. நா கெஞ்சிப் பாத்தேன், நடக்கல.

வெங்கடம்மாவா? அது கோவமே படல. அதுதாங்க தாங்கல. சாவி குடுத்த அன்னிக்கு மைசூர்பாக் வாங்கிகிட்டு வந்துச்சு. அண்ணா, எனக்குக் கீழ் வீடு அமைஞ்சுது, செவுத்தோரமா முருங்க நடலாம்னுச்சு. இவரு வாங்கிகிட்டு அந்தாண்ட திரும்பி நின்னுட்டாரு. அந்தப் பக்கத்து வாசல் சாக்கடை ஓரமாத்தான் இருக்குது. கம்பெனி பஸ்சு, பள்ளிக்கூட பஸ்சு எல்லாம் இந்தப் பக்கத்து கேட்டுலதான் நிக்குது. மழை பேஞ்சா புள்ளைங்க செருப்பக் கையில புடிச்சுகிட்டுச் சுத்தி வருதுங்க. வெங்கடம்மா பேத்தியும் அப்பிடித்தான் வருது.

என்னக்கா? கிங்ஸ்டனுக்கு எப்பிடி ஏ பிளாக்குல விழுந்துச்சுன்னா?

விழலக்கா. ஏ பிளாக்கு பழைய கம்பெனிச் சங்கத்து ஆளுங்களுக்கு மட்டும்னு பின்னால முடிவாயிடுச்சு. இவன் கம்பெனியில வேலை பாத்தாலும் மெம்பரானது அவங்கப்பா பங்குல. ஆக இவனும் எங்க சங்கத்து ஆளுதான். போயி எவ்வளவோ பேசிப் பாத்தான், நீங்கதானே தம்பி சொன்னீங்கன்னாங்களாம்.

இருங்க, காப்பி போடறேன். சக்கரைய எந்த டப்பாவுல வச்சிருக்காங்கன்னு பாக்கணும். அவன்கூட வேலை பாக்கற ரோஷன் வீடுங்க இது. அவங்க ஊருக்குப் போயிருக்காங்க, இன்னிக்கு மட்டும் சாவி குடுத்திருக்காங்க. நம்ம வீடு அதோ, செவுத்துக்கு அந்தாண்ட, ஜன்னல்ல துண்டு காயுது பாருங்க, அதுதான். அவங்கப்பா அங்கதான் உக்காந்திருக்காரு. இந்த அடுப்பு எனக்குப் பழக்கமில்ல, அங்கயே வாங்களேன் அக்கா, நல்லா போட்டுத் தர்றேன். கொஞ்சம் சுத்தித்தான் போகணும்.