காதர் நின்ற தெரு

ஓடுகிறோம். காலை நேரம். 1968. போர் நடக்கிற வியட்நாமில் சைகோன் நகரம். அந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தாண்டு.

முதலில் டப் டப் டப். வேட்டுச் சத்தம் என்றுதான் நினைத்தோம். "நம்மூரு தீவாளி தோத்துச்சு மாப்ள" என்று காதர் சிரிக்கிறான். அடுத்தது வேறு சத்தம். ஊய்ங் என்று ஒரு விசில். பிறகு இடி. எதிர்க்கடைக்குக் கூரை இல்லை.

காதரும் நானும் காரைக்குடிக்காரர்கள். அவனுக்குத் துணிக்கடையில் வேலை. எனக்குக் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற வேலை. ஒரே அறை. ஒரே குழம்பு.

"மாப்ள, குனி! தலையத் தூக்காத! செவத்தோரமா ஓடு, அங்குட்டு!"

பின்னாலிருந்து கத்தினான். நான் குனிந்தேன். குனிந்தபடியே ஓடினேன். இன்னொரு விசில். இடி. திரும்பிப் பார்த்தேன். புகை. பாதி இறங்கிய இரும்பு ஷட்டர். தரையெல்லாம் வெடித்த வேட்டின் சிவப்புக் காகிதம். ஒரு செருப்பு. காதர் இல்லை.

மறுநாள் தேடிப் போனேன். விழுந்தவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. எங்கள் அறையும் என் பிரஷ் பெட்டியோடு எரிந்திருந்தது. அவன் பாஸ்போர்ட்டும் அதோடு போனது. அதில் இருந்ததுதான் அவன் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ.

ஊர் திரும்பினேன். காரைக்குடி செக்காலை ரோட்டில் கடை போட்டேன். படம் வரைந்து பிழைப்பு. "நீங்க வரைஞ்சா செத்தவுக எந்திரிச்சு வந்துருவாகண்ணே" என்பார்கள். நம்பினேன். என் கண்ணில் ஒருமுறை விழுந்த முகம் கைக்குத் தப்பாது என்று நம்பினேன். காதரை வரைந்தேன். சிரித்த முகம். துணியில் சுற்றி அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவன் தங்கை மரியம் வாசலிலேயே நிறுத்தினாள்.

"தொழுகுற வீடுண்ணே. உருவப்படம் மாட்ட மாட்டோம். கோவிச்சுக்கிறாதீக."

கோபித்துக்கொண்டேன். "அவன் மொகம் இந்த ஒலகத்துல வேற எங்கயும் இல்ல தாயி!" கத்தியே விட்டேன்.

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"எங்கண்ணனுக்கு ஏதுண்ணே இம்புட்டு அகல நாடி?" தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்குக் குழி விழுந்த நாடி. இது உங்க நாடி. போயி கண்ணாடியப் பாருங்க."

பார்த்தேன். என் நாடிதான். காதும் என்னுடையது.

கிளம்பும்போது சொன்னாள். "மொகம் எங்களுக்கு மறக்காது. அண்ணன் கடைசியா நின்ன எடத்தத்தான் நாங்க பாக்கல. அத வரைஞ்சு தாங்க. ஆளு வேணாம். வெறும் எடம். அத மாட்டுறோம்."

தெருதானே, சுலபம் என்று நினைத்தேன். 1974 ஆகியும் முடியவில்லை. ஷட்டர் வருகிறது. சிவப்புக் காகிதம் வருகிறது. செருப்புக்கு வந்ததும் பிரஷ் நின்றுவிடுகிறது. இடதா, வலதா? ஷட்டருக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? சுவரா, சந்தா? குனிந்து ஓடியவனுக்கு என்ன தெரியும்? குனியச் சொன்னவனே அவன்தான். வரைகிறேன். சுரண்டுகிறேன். மறுபடி வரைகிறேன்.

கடைக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கை. "என்ன பெயிண்டரே, வெறும் ரோட்டப் போட்டு வச்சிருக்கீக? சினிமாத் தட்டியிலகூட ரெண்டு பேரு நிக்கிறாக!" பல்லைக் கடித்துக்கொள்கிறேன். யாரைத் திட்டுவது?

ஒரு நாள் மரியம் கடைக்கே வந்துவிட்டாள். "முடிஞ்சுதாண்ணே?"

"செருப்பு வர மாட்டேங்குது."

"எங்கம்மா கண்ணு மங்கிட்டு வருது. இன்னும் எம்புட்டு நாளுண்ணே காத்திருக்க?"

தூக்கிக் கொடுத்தேன். செருப்பு இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன். வெறும் பலகை தெரிகிறது. தெரியாததை இனி வரைவதில்லை. என் கையை நான் நம்பிய காலம் போய்விட்டது. படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

போனவை இவை. காதர். அவனைப் புதைத்த கபர், எங்கே என்று தெரியாமல். எங்கள் அறை. அவன் பாஸ்போர்ட். என் பிரஷ் பெட்டி. ஒரு செருப்பு, எந்தக் கால் என்று தெரியாமல். அவன் நாடியில் இருந்த குழி. இருந்தது என்று மரியம் சொல்கிறாள். ஒரே அறையில் இருந்தோம், ஒரே கண்ணாடியில் சவரம் செய்தோம். எனக்கு நினைவில்லை.