புகைக்கும் சேர்த்து ஒரு நன்றியுரை

அவைக்கு அழகு சேர்க்க அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், நம் ஆலயக் கமிட்டியின் தலைவர், நம் வட்டார வணிகர் கழகத்தின் அசையாத் தூண், ஐயா தங்கையா அவர்களே! மலாக்கா நகரிலிருந்து வெயிலையும் பாராமல் வந்து, 'குறைந்த கரியில் நிறைந்த வாழ்வு' என்ற தலைப்பில் குறையவே குறையாமல் உரையாற்றிய சிறப்பு விருந்தினர் அவர்களே! முன்வரிசையில் முறுக்கிய மீசையோடு வீற்றிருக்கும் கமிட்டியின் முன்னாள் தலைவர் பரமேஸ்வரன் ஐயா அவர்களே! விடியற்காலைப் பெரட்டில் தோட்டத்து ஆள்கணக்குக்குப் பேர் கொடுத்து, செம்பனைக் குலை வெட்டி, வியர்வை காயாமல் வந்து கடைசி வரிசையில் நிற்கும் என் அண்ணன்மார்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமூச்சை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் என் தாய்மார்களே! நியாலாஸ் மண்ணின் மக்களே! மகளிர் பிரிவின் சார்பில் கமலவேணியின் கனிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை நன்றியுரை. நன்றியுரை என்றால் என்ன? ஆண்களெல்லாம் பேசிக் களைத்த பிறகு, சாம்பார் வாசனை வரும் நேரத்தில், ஒரு பெண் வந்து பெயர்களைப் படித்துவிட்டுப் போவது. அதைக் கேட்காமல் கை கழுவப் போவதும் நம் மரபு. போகாதீங்க, உட்காருங்க! அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது என் ஆளுங்க. நான் முடிக்கிற வரைக்கும் கரண்டி அசையாது.

முதல் நன்றி, காலையில் நடந்த நடைப்பயணத்துக்கு. 'எரிபொருளைச் சேமிப்போம், எழிலுலகைக் காப்போம்' என்று பதாகை பிடித்துப் புறப்பட்டார்களே நம் தலைவர்கள்! எங்கிருந்து? முச்சந்தியிலிருந்து. எதுவரை? பெட்ரோல் நிலையம்வரை. படம் பிடிக்கிறவர் 'போதும்' என்றார். பதாகை மடங்கியது, கார்க்கதவு திறந்தது, கால்கள் உள்ளே போயின. மிச்ச தூரத்தை நடந்தது யார்? நம் தாய்மார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு லோரி, லோரியில் ஒரு ஜெனரேட்டர், ஜெனரேட்டர் தயவில் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கியில் 'காற்றைக் கெடுக்காதீர்'! அந்தக் கரும்புகையைக் குடித்துக்கொண்டே நாங்கள் காற்றைக் காப்பாற்றினோம். நன்றி!

என்ன மருதமுத்து அண்ணே, சத்தமாச் சொல்லுங்க. "வெளிய காரு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு லா" என்கிறார். தெரியும் அண்ணே. விருந்தினர் ஏறும்போது சீட்டு சுட்டால் நல்லாவா இருக்கும்? அதனால்தான் டிரைவர் தம்பி ஏர்கோன் போட்டுக் காத்திருக்கிறார். விருந்தினர் ஐயா உள்ளே கரியமிலவாயுவைப் பற்றி விளக்கம் சொன்னார், கார் வெளியே செய்முறை காட்டியது. இப்படிப்பட்ட பாடம் எந்தப் பள்ளியில் கிடைக்கும்? கைதட்டுங்கள்.

அடுத்து, 'பசுமை வணிகர்' விருது வாங்கிய கடைக்காரப் பெருமக்களுக்கு நன்றி. கேடயத்துக்கு ஒரு பிளாஸ்டிக், அதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பை. ஐந்து காசு கருவேப்பிலைக்கே இரண்டு பை கொடுக்கிற தாராள மனசுக்காரர்கள் நீங்கள். உங்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

சென்ற ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். புகைமூட்டத்தில் சூரியன் செப்புக்காசுபோலத் தொங்கியது. பள்ளிக்கூடத்தைச் சாத்தினார்கள். முகமூடி போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம். அப்போது இதே மண்டபத்தில் கூடினோம். கொதித்தோம், குமுறினோம், கடலுக்கு அந்தப் பக்கம் காட்டைக் கொளுத்துகிறவர்களுக்குக் கண்டனத் தீர்மானம் போட்டோம். தீர்மானம் போட்ட களைப்பில் சாப்பிட்டோம். சோறு சாப்பிட்ட வெள்ளை நுரைப் பெட்டிகளை மண்டபத்துக்குப் பின்னால் உள்ள குழியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம்! அக்கரைப் புகைக்குக் கண்டனம், நம் புகைக்கு நெருப்புக்குச்சி. அடடா, எப்பேர்ப்பட்ட நடுநிலைமை!

சிரியுங்கள். ஆனால் இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

அந்தக் குழிக்கு அடுத்து என்ன இருக்கிறது? ஆலய நிலத்தில் நடக்கும் கலைமகள் டீச்சரின் பாலர் பள்ளி. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, பொதுக்கூட்டம், எது நடந்தாலும் மறுநாள்வரை அந்தக் குழி புகையும். வெள்ளைப் பெட்டி எரிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறிவிடுவீர்கள். அந்தப் பிள்ளைகள் எதில் ஏறும்? போன மாதம் சுப்பம்மா அக்காவின் மகள், நாலு வயசுப் பிள்ளை, அ ஆ சொல்லிக்கொண்டிருந்தபோதே மூச்சு இழுத்துத் திணறினாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதோ, அக்கா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், ஆனால் அன்றைக்கு அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

உடனே கூடியது நம் ஆலயக் கமிட்டி! வாழ்க அதன் வேகம்! கதவைச் சாத்திக்கொண்டு கலந்து பேசினார்கள். புகை கெடுதல் என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். முடிவு என்ன தெரியுமா? பள்ளியை இடம் மாற்றுவது! ஆமாம் தாய்மார்களே, குழியை அல்ல, பிள்ளைகளை! பழைய தோட்டத்து ஆபீஸ் கட்டடத்துக்குப் போக வேண்டுமாம். அங்கே பஸ் போகுமா? போகாது. பெரட்டுக்கு ஓடுகிற தாய், பிள்ளையை எப்போது அங்கே கொண்டுபோய் விடுவாள்? விடவே மாட்டாள். பள்ளி தானாகவே மூடிவிடும். குழிக்கு மட்டும் நிரந்தர இடம், நிம்மதியான இடம்! எனக்கு வயிறு எரிகிறது ஐயா. அதை மறைத்துக்கொண்டு பேச எனக்கு வரவில்லை.

சரி, இந்த வெள்ளைப் பெட்டி எப்படி வந்தது? ஆலய ஸ்டோரில் எவர்சில்வர் தட்டு இல்லையா? அடுக்கடுக்காக இருக்கிறது. அதில்தானே வினையும் இருக்கிறது! ஒவ்வொரு தட்டிலும் உபயம் செய்தவர் பெயரை வெட்டியிருக்கிறோம். முன்பொரு திருவிழா அன்னதானத்தில் நம் தலைவர் தங்கையா ஐயா கைக்கு வந்த தட்டில் 'பரமேஸ்வரன் குடும்பத்தார் உபயம்' என்று இருந்தது. "இதுல நான் சாப்பிடவா? மாத்து!" என்றார். மறுநாள் பரமேஸ்வரன் ஐயாவுக்குப் போன தட்டில் 'தங்கையா அண்ட் சன்ஸ்'. அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். இருவருக்கும் ஆள் சேர்ந்தது. தட்டை வைத்தே ஊர் இரண்டாகும் என்று பயந்து, தட்டுகளை ஸ்டோரில் பூட்டினார்கள். பெட்டி வந்தது, அதுவும் தலைவர் கடையிலிருந்தே வந்தது. பெட்டியில் யார் பெயரும் இல்லை, அதனால் யாருக்கும் கோபம் இல்லை. புகையிலும் யார் பெயரும் இல்லை, அதனால் யாருக்கும் பொறுப்பும் இல்லை!

ஐயா, முறைக்காதீங்க. நீங்க கொடுத்த மைக்லதான் பேசறேன்.

இன்று காலை நீங்கள் பெட்ரோல் நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பெண்களில் பாதிப் பேர் ஸ்டோரைத் திறந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாவி கொடுத்தது ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அப்புசாமி அண்ணன். அவரைத் திட்ட வேண்டாம், அவர் பேத்தியும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். இன்றைக்குப் பந்தி தட்டில்தான்! அடுக்கில் எது மேலே வருகிறதோ அதுதான் உங்களுக்கு. பெயர் பார்த்து மாற்றித் தர மாட்டோம். யார் பெயரில் சாப்பிட்டாலும் பசி அடங்கும், சோதித்துப் பாருங்கள். பெட்டிகள் பிரிக்காமல் அப்படியே தலைவர் கடைக்குத் திரும்பும். குழியைக் காலையிலேயே மண் போட்டு மூடிவிட்டோம். இன்று கொளுத்த ஒன்றும் இல்லை.

புகை இல்லை என்றால் பள்ளியை மாற்றுவானேன்? ஆகவே, நன்றியுரை சொல்ல வந்தவள் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளை இங்கிருந்து அனுப்பியே ஆக வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள். தூக்குங்க, வெட்கப்படாதீங்க! சுப்பம்மா அக்கா பார்க்கட்டும்.

ஒரு கைகூட இல்லையா? கமிட்டி அறையில் எல்லாக் கையும் உயர்ந்ததாமே! தாய்மார் முகத்தைப் பார்த்ததும் கை வலிக்கிறதா?

தலைவர் எழுந்திருக்கிறார். சொல்லுங்க ஐயா. "தீர்மானத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறீர்களா? வேண்டாம் ஐயா, அப்புறம் என்றால் அறைக்குள்ளே போய்விடும். இங்கேயே, இந்தச் சனத்துக்கு முன்னாலேயே சொல்லுங்க. என்ன? "பள்ளி அங்கயே இருக்கட்டும்." கேட்டதா கடைசி வரிசை? மைக் இல்லாததால் மெல்லமாகத்தான் கேட்டது, நான் சொல்கிறேன்: பள்ளி அங்கேயே இருக்கும்!

இப்போதுதான் ஐயா உண்மையாகவே நன்றி சொல்கிறேன். மேடையில் இருப்பவர்களுக்கும், வெயிலில் நடந்தவர்களுக்கும், தட்டுக் கழுவிய கைகளுக்கும் நன்றி. கலைமகள் டீச்சர், நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துச் சன்னலையெல்லாம் திறந்து வைங்க.

எல்லாருக்கும் வணக்கம். பந்திக்கு வாங்க.