பாறை மடுவில் ஒரு படகு

— கத்தியக் குடுக்கா, நானே அறுத்துக்கறேன்.

— தள்ளுடா. நேத்துப் பிடிச்ச கூடைய எதுக்கு ஐஸுக்கு அடியில ஒளிச்சு வெச்ச? இந்த வயித்தப் பாரு, சினை. இதுவும் சினை. கூடை பூரா தாய் மீன்டா ராசா! ஏரியில இது எங்க கிடைக்கும்?

— கிடைச்ச இடத்துல கிடைச்சுது.

— பாறை மடுவுல வலை போட்டிருக்க.

— போட்டேன். இப்ப என்னங்கற?

— நம்ம அப்பா பட்டினி கிடந்த வருசம்கூட அங்க வலை போட்டதில்ல. அந்த ஒரு மூலையில குஞ்சு பொரிச்சாத்தான் ஏரி முழுக்க மீன். நேத்துப் பொறந்த உன் பொண்ணுக்கு நீ எதடா மிச்சம் வைக்கப் போற?

— அவளுக்காகத்தான் பண்ணேன். நான் மட்டும் யோக்கியனா இருந்தாப் போதுமா? ஒரு வாரமா விடிகாலையில அந்த மடுவுல ஒரு படகு நிக்குது. என் கண்ணால பார்த்தேன்.

— யாரு படகு?

— பனியில என்ன தெரியும்? அசையாம நின்னுச்சு. எவனோ நிதானமா வழிச்சு எடுக்கறான், நான் விரல் சூப்பிக்கிட்டு நிக்கணுமா?

— கிட்டப் போய்க் கேட்டிருக்கலாமே.

— கேட்டா, நீ எதுக்குடா இங்க வந்தேன்னு என்னையே திருப்பிக் கேப்பான். நேத்து அந்தப் படகு வரல. இதான் சமயம்னு போட்டேன்.

— கொஞ்சமாச்சும் விட்டு வெச்சியா?

— எதுக்கு? நான் விட்டா அவன் அள்ளிட்டுப் போவான். பொடிக்கண்ணி வலை, ஒரு குஞ்சுகூடத் தப்பல.

— பாவி. வயிறு எரியுதுடா எனக்கு.

— சரி, சங்கத்துல போய்ச் சொல்லு. அந்தப் படகுக்காரனையும் சேத்துச் சொல்லு.

— அந்தப் படகு என்னோடது.

— உன்னோடதா? நீயுமாக்கா?

— வாய மூடு. என் படகுல வலையே இல்ல. குஞ்சு பொரிச்சு முடிக்கிறவரைக்கும் எவனும் அங்க வந்துடக் கூடாதுன்னு தினமும் காவலுக்கு நின்னேன். குளிர்ல கை விறைச்சுப் போய் நின்னேன்டா.

— அப்ப நேத்து மட்டும் ஏன்க்கா வரல?

— நேத்து விடிகாலையிலதான உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வீட்டுல நீ இல்ல.