காற்றைக் கெடுக்காத தெரு

— திரும்பச் சொல்லு தம்பி. எங்க தெருவுக்கா பரிசு?

— ஆமாங்கக்கா. இந்த ஊர்லயே காத்தைக் கெடுக்காத தெரு இதுதான். ஏசி இல்ல, பிரிட்ஜ் இல்ல, மிக்ஸி இல்ல...

— கரெண்ட்டே இல்லையேப்பா! சோத்துக்கு வழியில்லாதவனைப் பிடிச்சு, நல்லா விரதம் இருந்தேன்னு மாலை போட்ட கதையா இருக்கே!

— வந்துங்க... படிவத்துல 'எவ்வளவு கரெண்ட் செலவாகுது'ன்னுதான் கேட்டிருந்தாங்க. ஏன் செலவாகலன்னு யாரும் கேக்கலை.

— நல்ல படிவம்! கரெண்ட் ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன்னு நீ சொன்னதும், கனெக்‌ஷன்தான் வந்துடுச்சுன்னு தையலைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— கோவமாக்கா?

— சிரிப்புதான் வருது. ஆனா ஒண்ணு. இந்த மெஷினை மிதிச்சு மிதிச்சு என் முழங்கால் ரெண்டும் போச்சு. ஒரு மோட்டார் மாட்டிட்டேன்னா, இருநூறு யூனிபார்மை ஒரே வாரத்துல தைச்சு அடுக்கிடுவேன். இப்ப பெரிய ஆர்டரெல்லாம் மோட்டார் வச்சிருக்கறவங்களுக்குத்தான் போகுது.

— புரியுதுங்கக்கா. ஆனா பூமி சூடாகுதுன்னு...

— அதை எனக்கா சொல்றே? இந்தத் தகரத்துக்குக் கீழ மத்தியானம் வந்து உக்காரு, பூமி எங்க சூடாகுதுன்னு காட்டறேன். எதிர்ல அந்த நகைக்கடையில பட்டப்பகல்ல நூறு லைட் எரியுது. அவங்ககிட்ட போய் அணைக்கச் சொல்லேன்!

— சொன்னேங்கக்கா. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

— பொழைக்கத் தெரிஞ்சவங்க! சரி, பரிசு என்ன? கேடயமா, குடமா?

— ஒரு வருஷத்துக்கு கரெண்ட் இலவசம். ஊருக்கு வெளிய இருக்கற சோலார் பிளான்ட்லேருந்து வர்ற கரெண்ட். தெரு முழுக்க.

— ஐயோ, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதே! கம்பமே இல்லாத தெருவுக்கு இலவச கரெண்ட்டா? மொட்டைத் தலைக்குச் சீப்பு கொடுத்த மாதிரி! எந்த அறிவாளிப்பா இதை எழுதினது?

— நான்தாங்கக்கா.

— நீயா? பாத்தா படிச்ச புள்ளை மாதிரி இருக்கே!

— கனெக்‌ஷன் கேட்டு உங்க தெரு கொடுத்த மனு ஆறையும் மேல அனுப்பினதும் நான்தான். ஆறும் திரும்பி வந்துடுச்சு. இதைப் பரிசுன்னு எழுதி நீட்டினேன், பெரிய ஆபீசர் சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டார். இன்னிக்குப் பேப்பர்லயும் வந்தாச்சு. இனிமே பரிசைக் கொடுக்கணும்னா, கம்பம் நட்டுத்தானேக்கா ஆகணும்?