லிஃப்ட்டுக்குள் இருந்தவரின் பெயரும் என் பெயரும்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. கீழே வேறெங்கும் என் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரும் சம்மதித்தார். வயது நாற்பத்து மூன்று. ஒரு பராமரிப்புக் கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். என் மேல் புகார் கொடுத்திருப்பவருக்கும் என் பெயர்தான், எழுத்துப் பிசகாமல் அதே பெயர். ஆகவே அவரைப் புகார்தாரர் என்றே குறிப்பிடுவதாக ரைட்டர் சொன்னார். நான் வேறு ஒரு வார்த்தை சொன்னேன். அதையெல்லாம் எழுத முடியாது என்றார்.

சென்ற வருடம் ஒரு பள்ளியின் லிஃப்ட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் பலவிதமான வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேசவைக்கும் பாட்காஸ்ட் நடத்துகிறார். என்னையும் பேசச் சொன்னார். கதவு மூடும்போது காலை நீட்டித் தடுக்கக் கூடாது, லிஃப்ட் நடுவில் நின்றால் கதவைப் பிளந்து குதிக்கக் கூடாது, மணியை அழுத்திவிட்டுப் பொறுமையாக நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். ஆசிரியை என்னைப் படம் எடுத்து அதோடு போட்டார். என் மைத்துனர் அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். கொஞ்ச நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்று என் மனைவி கேலி செய்தார். அது உண்மைதான்.

அதன் பிறகு, அந்தப் பாட்காஸ்ட் வரும் ஆப்பில் என் பெயரைப் போட்டால் ஒரு பக்கம் திறக்கிறது என்று மைத்துனர் காட்டினார். மேலே என் படம். அதன் கீழே என் பெயருள்ளவர்கள் எந்தெந்தப் பாட்காஸ்ட்டில் பேசினார்களோ அத்தனையும் ஒரே ஆள் பேசியதுபோல வரிசையாக இருந்தன. ஒருவர் பல் டாக்டர், நல்ல மனிதர். அவர் பேசியதைக் கேட்ட பிறகுதான் நான் இரவிலும் பல் தேய்க்கிறேன். இன்னொருவர் மொட்டை மாடியில் கத்தரிக்காய் வளர்ப்பவர். எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொன்றுதான். மீதி எல்லாம் புகார்தாரருடையது.

புகார்தாரர் குடும்ப உறவு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிறார். ஆண்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாட்காஸ்ட் பாட்காஸ்ட்டாகப் போய்ப் பேசுகிறார். நான் அதில் ஒன்றை முழுதாகக் கேட்டேன். அதில் அவர் தன் மனைவியைப் பற்றி நாக்கூசாமல் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எதுத்துப் பேசினாளா, ரூம்ல விட்டு வெளிய தாழ்ப்பாள். கத்துவா, கதவைத் தட்டுவா. கண்டுக்கவே கூடாது. அரை நாள்ல தானா வழிக்கு வரும்." 'வருவாள்' என்றுகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் பேட்டி எடுத்தவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டேன். சமையலறையில் இருந்த என் மனைவியும் கேட்டுவிட்டு, "இது உங்க குரல் இல்லன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு யாருங்க போய்ச் சொல்றது?" என்றார்.

யாரும் போய்ச் சொல்லவில்லை. மேல் வீட்டு அம்மாள் என் மனைவியை மாடிப்படியில் நிறுத்தி, ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, ஏதாவது காயம் இருக்கிறதா என்று பார்த்தார். "எங்கிட்ட மறைக்காதம்மா, ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் எனக்கே கேக்குது" என்றாராம். அது எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள், இறுக்கமாக இருக்கும். அதன் பிறகு, நான் பல வருடங்களாக லிஃப்ட் பார்த்துவந்த பெண்கள் விடுதியில் வார்டன் அம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தி, செல்போனில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "வேற ஆளை அனுப்பச் சொல்லியிருக்கோம், நீங்க கிளம்புங்க" என்றார். அது நான் இல்லை என்றேன். படம் உங்களுடையதுதானே என்றார். படம் என்னுடையதுதான். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி ஒருவன் வந்தால் நானும் உள்ளே விடமாட்டேன். ஆனால் என்னை ஏற இறங்கப் பார்த்த அந்தப் பார்வை இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு இடத்திலும் இப்படிச் சொல்லிவிட்டால் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான் என்று எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார்.

அந்த ஆப்காரர்களுக்கு எழுதினேன். 'பெயர் சரியாகப் பொருந்துகிறது, நன்றி' என்று பதில் வந்தது. ஆசிரியை என் பேச்சையே எடுத்துவிட்டார், ஆனாலும் படம் போகவில்லை. அதன் பிறகு புகார்தாரருக்கே மரியாதையாக எழுதி, 'நான் வேறு, அந்த மெக்கானிக் வேறு' என்று அடுத்த முறை பேசும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். சொன்னார். நான் எழுதியதை மூக்கால் பேசும் குரலில் வாசித்துக் காட்டினார். "லிஃப்ட் மெக்கானிக்காம். மேல கீழ போறதுதான் பொழப்பு. என் பேரை வச்சிருக்கறதாலதான் இவனை நாலு பேரு திரும்பிப் பார்க்குறாங்க" என்றார். கேட்டவர்களுக்கு ஒரே சிரிப்பு. புகார்தாரர் மேல் எனக்கு விரோதம் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். விரோதத்துக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டும். எனக்கு அவர் மேல் இருந்தது அருவருப்பு.

இதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எனக்கு 'ஆலோசகர்' என்று பட்டம் வைத்தார்கள். என்னைப் பார்த்தால் அந்த ஆள் குரலில் பேசிக் காட்டுவார்கள். நானும் சிரித்து வைத்தேன், சில சமயம் பேசியும் காட்டினேன். வேறு என்ன செய்வது? எங்கள் கண்ட்ரோல் ரூமில் லிஃப்ட் மணி அழைப்புகளை எடுக்கும் பெண்ணும் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர்தான். இது பிறகு நடந்ததற்கு முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

புகாரில் சொல்லப்பட்ட நாளன்று காலையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் பராமரிப்புக்குப் போனேன். அதன் நான்காவது மாடியில் பாட்காஸ்ட் ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவில் அன்றைய விருந்தினர் என்று என் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். வழக்கம்போல லிஃப்ட்டுக்குள் நின்று மணியைச் சோதித்தேன். மணியை அழுத்தினால் எந்தக் கட்டடம் என்பது கண்ட்ரோல் ரூமில் தெரியும். நான் என் பெயரைச் சொல்லி, "லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன், கேக்குதா?" என்பேன். அந்தப் பெண், "கேக்குதுண்ணா" என்று சொல்லி வைத்துவிடுவார். வருடக்கணக்காக மாதாமாதம் இதே பேச்சுதான்.

அதன் பிறகு பார்த்ததில், மூன்றாவது மாடிக் கதவின் பூட்டில் ஒரு பாகம் தேய்ந்திருந்தது. லிஃப்ட் வண்டி நடுவழியில் நின்றுவிடக்கூடும் என்பதால் மெயின் சுவிட்சை அணைத்து, 'பழுது' என்ற பலகையைக் கீழே மாட்டி, கட்டட மேலாளரிடமும் சொன்னேன். "இன்னிக்கா? பெரிய கெஸ்ட் வர்றாரு, அவரைப் போய்ப் படி ஏறச் சொல்ல முடியுமா?" என்றார். ஏறினால் உடம்புக்கு நல்லது என்றேன். பாகம் வாங்கக் கடைக்குப் போனேன். நான் போன பிறகு மேலாளர் பலகையைக் கழற்றிவிட்டு, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் மெஷின் அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இதை அவரே ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டதாக அறிகிறேன்.

புகார்தாரர் ஏறிய லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே செல்போன் எடுக்காது. அவர் மணியை அழுத்தியிருக்கிறார். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் முதலில் "மாட்டிக்கிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். இவர் முதலில் பெயரைச் சொன்னார். பெயரைச் சொல்லி, "லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன், கேக்குதா?" என்றார். அந்தப் பெண், "கேக்குதுண்ணா" என்று வைத்துவிட்டார்.

மறுபடி அழுத்தி, "நான் யாருன்னு தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை போயிடும்" என்று கத்தியிருக்கிறார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்து, "ஐயோ அண்ணா, அச்சு அசல் அந்தாளு மாதிரியே இருக்கு" என்று சொல்லி மறுபடி வைத்துவிட்டார். அதன் பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்ததால், விளையாட்டை நிறுத்தச் சொல்லலாம் என்று என் செல்போனுக்குக் கூப்பிட்டார். "போதும்ணா, வயிறு வலிக்குது, மத்த கால் வருது" என்றார். நான் கடையில் இருக்கிறேனே என்றேன். "அப்ப லிஃப்ட்டுக்குள்ள யாருண்ணா?" என்றார்.

கடையில் இருந்து உடனே புறப்பட்டீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். உடனே புறப்படவில்லை. வாங்கிய பாகத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்துவான், கதவைத் தட்டுவான், கண்டுக்கவே கூடாது என்று எனக்குள் அவர் குரலிலேயே ஓடியது. பெயர்தான் ஒன்றாகப் போயிற்று, புத்தியும் ஒன்றாகப் போகிறதா என்று ஓடினேன்.

மூன்றாவது மாடிக்குப் போனபோது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. யார் என்று கேட்டேன். என் பெயரை என்னிடமே சொன்னார். "கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க, ஒண்ணும் ஆகாது, நான் மெக்கானிக்" என்றேன். மேலே மெஷின் அறைக்குப் போய் மின்சாரத்தை அணைத்து, கையால் பிரேக்கைத் தளர்த்தி, வண்டியை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். புகார்தாரர் கால்சட்டை நனைந்திருந்தது. வாந்தியும் எடுத்திருந்தார். என் தோளைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, எவ்வளவு கத்தியும் யாருமே நம்பலண்ணே, சிரிக்கிறாங்கண்ணே" என்று குழந்தைபோல அழுது, மூக்கை என் சட்டையில் துடைத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. பூட்டிய அறைக்குள் கத்தும் அந்தப் பெண்மணியின் ஞாபகம்தான் வந்தது. அவர் எந்த மணியை அழுத்துவார்?

அந்த நேரத்தில் ஸ்டுடியோக்காரர் செல்போன் கேமராவை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தார். புகார்தாரர் கேமராவைப் பார்த்தார், பிறகு என் சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். அழுகை நின்றது. அவருடைய பாட்காஸ்ட் குரல் வந்தது. "பாருங்க, இவன்தான். வேணும்னே என்னைப் பூட்டிவச்சுக் கொல்லப் பார்த்திருக்கான்" என்றார். அப்படியே மேலே ஏறிப் போய், யாருடைய கால்சட்டையையோ வாங்கிப் போட்டுக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார். துப்புரவு செய்யும் அம்மாளின் தலையில் அது விழக் கூடாது என்று லிஃப்ட்டின் தரையை நானே கழுவினேன். கையில் அந்த வாடை ரொம்ப நேரம் போகவில்லை.

அவர் பேசியது மறுநாளே வெளியாகிவிட்டது. தலைப்பு, 'என்னைக் கொல்ல வந்த மெக்கானிக்'. அதுவும் அந்த ஆப்பில் என் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

புகார்தாரரை உள்ளே வைத்து லிஃப்ட்டை நான் நிறுத்தவில்லை. மணியை எடுக்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. கண்ட்ரோல் ரூம் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் கேட்டது நான் மாதாமாதம் சொல்லும் வார்த்தைகளை, அதே வரிசையில். அவர் மேல் தப்பு இல்லை. இதை அழுத்தமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். புகார்தாரர் தன் மனைவியைப் பூட்டுவதாகத் தன் வாயால் சொன்ன பேச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதையும் விசாரிக்க வேண்டும் என்று கேட்கிறேன். இன்று காலை இந்த நிலையத்தின் கூடத்தில் எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு கூசியது கிடையாது.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ரைட்டர் குறிப்பு: மேற்படி நபர் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். கையெழுத்திடச் சொன்னதற்கு, அதில் தன் பெயரை எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லி மறுத்து, மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார். படித்தவர் ரேகை வைக்கலாமா என்று கேட்டதற்கு, "இது எனக்கு மட்டும்தான் சார் இருக்கு" என்று கூறினார். அவர் கேட்டுக்கொண்டபடி அதுவும் பதிவு செய்யப்பட்டது.)