நீலமணி மீனும் நிர்வாகத்தின் சட்டியும்

கழுத்தில் மாலை விழுமுன்னரே வியர்வையில் நனைந்திருக்கும் எங்கள் மீன்வளர்ப்புச் சங்கத் தலைவர் அருட்பிரகாசம் அவர்களே! குருநகரிலிருந்து வந்திருக்கும், வலை பின்னிக் கை தழும்பேறிய பெரியோர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த தென்மராட்சித் தாய்மார்களே! வணக்கம்.

கடலுக்குப் போகத் தடை வந்தது. குளம் வெட்டினோம், திலாப்பியா வளர்த்தோம். முதலாம் ஆண்டு ஒரு மீன் ஒரு சட்டியை நிறைத்தது. நான்காம் ஆண்டு சட்டிக்குள் மீனைத் தேடினோம்! ஏன் சிறுத்தது? தண்ணீரின் குற்றமா? தவிட்டின் குற்றமா? இல்லை, நம் தட்டின் குற்றம்! பெரிய மீனெல்லாம் பெரிய மனிதர் வீட்டுக்குப் போயிற்று. எஞ்சிய குஞ்சுகுருமான் குளத்தில் குடும்பம் நடத்திற்று. நல்ல வெங்காயத்தை விதைக்கென்று எடுத்துவைக்கிற ஊர், மீனில் மட்டும் விதையை விருந்தாக்கியது!

விதை மீனை அளந்து தெரிவுசெய்வோம் என்றால், அடிமட்டம் வைத்து நீளம் பார்க்கப் பிடித்ததில் பாதி செத்தது. கலியாண வீட்டு வீடியோக்காரர் ஏர்னெஸ்ட் அண்ணையைக் கூட்டிவந்தோம். கண்ணாடித் தொட்டி, பின்னால் கட்டம்போட்ட தாள். மீன் நீந்தியது, அவர் படம்பிடித்தார். அந்தப் படத்திலிருந்து என் நண்பனின் கம்ப்யூட்டர் மீனின் உருவை மட்டும் பிரித்தெடுத்து, நீளமும் அகலமும் சொன்னது. ஒரு செதிலைக்கூடத் தொடவில்லை!

என்ன, சந்தியோகு அண்ணை சிரிக்கிறார்?

"மீனுக்கும் பொம்பிளை பாக்கிறியளோ, தம்பி?"

ஓம் அண்ணை! கனடாவுக்கு அனுப்பும் போட்டோவில் பெண்ணின் மூக்கை நாலு பேர் அளக்கிறீர்கள். மீனை அளந்தால் மட்டும் சிரிப்பா?

ஒரே நாளில் முட்டையிலிருந்து பொரித்த நானூறு மீன்களில், வேகமாக வளர்ந்த இருபதுக்கு முதுகில் நீலமணி கட்டினோம். அடுத்த தலைமுறைக்கு அவையே தாயும் தந்தையும். போன ஞாயிறு, குளம் காக்கும் மக்டலீன் அக்காவிடம் தலைவர் வீட்டு ஆள் வந்தார்.

"கொழும்பிலையிருந்து ஆக்கள் வந்திருக்கினம். உந்த மணி கட்டினதிலை ரெண்டு தாங்கோ."

"உது விதை மீன். தரேலாது."

"ஐயா கேட்டவர்!"

"ஐயாவுக்கு நானே வந்து கத்தரிக்காய்க் குழம்பு வைச்சுத் தாறன். மீன் கிடையாது."

அதற்காக அக்காவை வேலையிலிருந்து நீக்க இன்று தீர்மானமாம்! யாரை நீக்குவது? விதையைக் காத்த கையையா, விதையைக் கேட்ட வாயையா? பொறுங்கள், கைதட்டாதீர்கள்; வாக்கெடுப்புக்குக் கை வேண்டும்!

அந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த மனிதர் பெரியவர் என்று தெரியாது. எந்த மீன் பெரியது என்று மட்டுமே தெரியும். நமக்கோ மனிதரில் பெரியவர் யார் என்று மட்டுமே தெரிந்திருந்தது. மீன் சிறுத்த கதை அவ்வளவுதான்!

மக்டலீன் அக்கா இருக்கட்டும் என்போர் கை உயர்த்துங்கள்!

தலைவரே, எண்ணிச் சிரமப்பட வேண்டாம். உங்கள் துணைவியார் குணலட்சுமி அம்மாவின் கையும் உயர்ந்திருக்கிறது!

கேட்ட காதுகளுக்கும் உயர்ந்த கைகளுக்கும் நன்றி. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கத்தரிக்காய்க் குழம்பு. வணக்கம்!